ஸ்வேன்பியோர்ன் எகில்சன்: வகுப்பறையில் ஹோமர், வாசலில் 'ஒழிக' கோஷம்

பழைய ஏடு:

ஐஸ்லாந்து இலக்கியம் என்றால் இங்கே பேச்சு சாகாக்களோடு, அதாவது 13ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய பழைய உரைநடைக் கதைகளோடு நின்றுவிடுகிறது, இல்லையென்றால் ஒரே தாவாகத் தாவி 1955 நோபலுக்குப் போய் நாவலாசிரியர் லாக்ஸ்நெஸ்ஸைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் அறுநூறு எழுநூறு வருஷம் அந்தத் தீவில் எல்லோரும் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்? அந்த இடைவெளியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று இந்த இழை. பெயர் ஸ்வேன்பியோர்ன் எகில்சன். கவிஞர், கிரேக்க ஆசிரியர், அகராதிக்காரர். ஐஸ்லாந்தில் ஆளை முதல் பெயரால் சொல்வதுதான் வழக்கம், அதனால் நானும் ஸ்வேன்பியோர்ன் என்றே எழுதுகிறேன்.

1791 பிப்ரவரி 24இல், தென்மேற்குக் கரையில் இன்ரி நியார்த்விக் என்ற இடத்தில் பிறந்தவர். அப்பா வசதியான விவசாயி. பையனைச் சின்ன வயதிலேயே மாக்னுஸ் ஸ்டெஃபன்சன் வீட்டில் வளர விட்டார்கள். இந்த மாக்னுஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை, நாட்டின் தலைமை நீதிபதி, பகுத்தறிவு இயக்கத்தின் பெரிய தலை, அச்சகம் வைத்துப் புத்தகம் புத்தகமாகப் போட்டவர். ஸ்வேன்பியோர்ன் 1810லேயே பள்ளித் தேர்வை முடித்துவிட்டார். ஐஸ்லாந்து அப்போது டென்மார்க் ஆட்சியில். ஆனால் நெப்போலியன் போரில் டென்மார்க்கும் பிரிட்டனும் எதிரெதிர் அணி, கப்பல் போக்குவரத்து சீர்குலைந்து கிடந்தது, கோபன்ஹேகனுக்குப் போய்ச் சேர 1814 ஆகிவிட்டது. அங்கே இறையியல் முடித்துவிட்டு 1819இல் திரும்பி, பெஸ்ஸஸ்தாதிர் லத்தீன் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அடுத்த 27 வருஷம் அங்கேதான்.

பெஸ்ஸஸ்தாதிர் இன்றைக்கு ஐஸ்லாந்து ஜனாதிபதியின் வீடு. அன்றைக்கு நாட்டில் இருந்த ஒரே லத்தீன் பள்ளி. ரெய்க்யவிக்குக்குப் பக்கத்தில், ஆல்ஃப்தாநெஸ் என்ற தட்டையான தீபகற்பத்தில், காற்றுக்கு எந்த மறைப்பும் இல்லாத இடத்தில் தனியாக நிற்கும் கல் கட்டடம். பாதிரியாராகவோ அதிகாரியாகவோ ஆக நினைத்த பையன்களில் பெரும்பாலானவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். ஆசிரியர்களோ கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அளவு. ஹால்கிரிமுர் ஷேவிங் லத்தீன். பியோர்ன் குன்லாக்சன் கணக்கு. இவர் கோடை விடுமுறைகளில் நாடு முழுக்க அலைந்து அளந்து ஐஸ்லாந்தின் வரைபடத்தை வரைந்தவர், அது தனிக் கதை. நம் ஆள் கிரேக்கம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பகலில் அவர் ஹோமரின் ஒடிஸியைப் பையன்களுக்காக ஐஸ்லாந்து மொழி உரைநடையில் பெயர்த்துச் சொல்கிறார். அது 1829 தொடங்கி 1840 வரை, பள்ளி ஆண்டுதோறும் போடும் சிறு வெளியீடுகளில் துண்டு துண்டாக அச்சாகிறது. அதே வருஷங்களில் மேசையின் இன்னொரு பக்கத்தில் நேர் எதிரான வேலையும் நடக்கிறது: நார்வே அரசர்களைப் பற்றிய பழைய சாகாக்களை ஐஸ்லாந்து மொழியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுபோகிறார், ஐரோப்பிய அறிஞர்கள் படிப்பதற்காக. கோபன்ஹேகனில் 1828இலிருந்து 1846 வரை 12 தொகுதிகளாக வந்த வரிசை அது, பெரும்பகுதி இவர் கைவேலை. ஒரே ஆள், ஒரே காலம், மொழி இரண்டு திசையிலும் போய் வருகிறது. சாகா உரைநடையை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து லத்தீனில் கோத்த கைதான் மறுநாள் காலையில் ஹோமரைச் சாகா நடையில் சொல்கிறது. அந்த ஒடிஸிக்கு எங்கிருந்து அப்படி ஒரு தெளிவு வந்தது என்று கேட்டால், என் பதில் இதுதான்.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? யோனாஸ் ஹால்கிரிம்சன், கோன்ராத் கீஸ்லசன், தோமாஸ் சைமுண்ட்சன், பிரின்யோல்வுர் பியெத்துர்சன். 1835இல் 'ஃபியோல்னிர்' பத்திரிகையைத் தொடங்கி நவீன ஐஸ்லாந்து இலக்கியத்துக்கே வழி திறந்த நால்வர். நாலு பேரும் பெஸ்ஸஸ்தாதிர் பையன்கள்.

அந்த ஒரு வகுப்பறைதான் அவருடைய ஆகப்பெரிய படைப்பு என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்.

சுவரொட்டி:

மறுக்கத்தான் வந்தேன். நீங்கள் எழுதியதை முழுசாகப் படித்தேன், நல்ல ஆசிரியர், நல்ல மொழிபெயர்ப்பாளர், சரி. கவிஞர் எங்கே? இந்தப் பகுதிக்குப் பெயரே கவிஞர்கள். மாணவன் பெரிய கவிஞன் ஆனதால் வாத்தியாரையும் கவிஞர் பட்டியலில் சேர்ப்பது என்றால், யோனாஸுக்குச் சோறு போட்ட அம்மாவையும் சேர்க்கலாமே.

பழைய ஏடு:

வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை :)

கவிதை கேட்டீர்கள், தருகிறேன். நாலே வரி. ஐஸ்லாந்தில் குழந்தைக்குப் பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாட்டுகளில் ஒன்று அது. 'ஃப்லியூகா க்வீத்து ஃபித்ரில்தின்' என்று ஆரம்பிக்கும். விஷயம் இவ்வளவுதான்: ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன, அதோ யாரோ உள்ளே வருகிறார்கள், துக்குனூண்டு மீன்பிடிக் கப்பலில். முடிந்தது. உபதேசம் இல்லை, கடவுள் இல்லை, நல்ல பிள்ளையாக இரு என்று ஒரு வார்த்தை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், லூத்தரன் சபைக்காரர்கள் நிறைந்த ஒரு ஊரில், இறையியல் படித்த ஒரு மனிதர் குழந்தைக்கு இப்படி எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். கண் முதலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அப்புறம் சட்டென்று கடலுக்குப் போகிறது. பட்டாம்பூச்சியும் தூரத்துக் கப்பலும் குழந்தையின் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. நாலு வரியில் இதைச் செய்வதற்குக் கவிஞன் வேண்டாமா?

அவருடைய கவிதைத் தொகுப்பு அவர் இறந்த பிறகு 1856இல் வந்தது. அதில் இருப்பதெல்லாம் முத்து என்று நான் சொல்லவில்லை. பாதி சந்தர்ப்பத்துக்கு எழுதியவை: இரங்கல், வாழ்த்து, மரியாதை. படித்தவர் எவரும் எழுதக்கூடியவை.

மெழுகுவர்த்தி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 'ஹேம்ஸ் உம் போல்' எழுதியவர் இவர்தானே? 'ஸ்டில்லே நாஹ்ட்' (ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட்') மெட்டில் பாடும் ஐஸ்லாந்துக் கிறிஸ்துமஸ் பாட்டு. நான் ஒரு பாடகர் குழுவில் இருக்கிறேன், பல மொழிகளில் அந்தப் பாட்டைச் சேகரித்தபோது இந்தப் பெயர் கண்ணில் பட்டது.

பழைய ஏடு:

இவரேதான். அதை நானே சொல்லியிருக்க வேண்டும், முந்திக்கொண்டீர்கள். மெட்டு கிரூபருடையது, 1818. வரிகள் முழுக்க முழுக்க இவருடையவை, ஜெர்மன் பாட்டின் பெயர்ப்பே இல்லை. ஜெர்மனில் மோர் எழுதியதில் இரவு, அமைதி, தூங்கும் குழந்தை என்று காட்சி ஒரு தொழுவத்துக்குள் அடங்கிவிடும். ஸ்வேன்பியோர்ன் முதல் அடியிலேயே உலகம் முழுவதற்கும் போய்விடுகிறார். தரணியெங்கும் திருநாள், கன்னி இறைமகனைப் பெற்றாள், மாந்தர் குலமோ வழிதவறி இருளில் கிடந்தது என்று போகும். தாலாட்டு மெட்டில் ஒரு இறையியல் பாட்டு.

இன்றைக்கும் டிசம்பர் 24 மாலை 6 மணிக்கு அங்கே கிறிஸ்துமஸ் பிறக்கிறது, அந்த வழிபாட்டில் இந்தப் பாட்டு இல்லாமல் இருக்காது. வழிதவறிய என்பதற்கு அவர் போட்ட பழஞ்சொல் 'மேன்வில்'. பாட்டில் மேன்வில் இருட்டில் கிடந்தான் என்று கேட்பதால், யாரம்மா அந்த மேன்வில், எதற்கு இருட்டில் படுத்திருக்கிறான் என்று கேட்காத ஐஸ்லாந்துக் குழந்தை இல்லை என்பார்கள்.

சுவரொட்டி:

ஆக ஒரு தாலாட்டு, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. இரண்டையும் நாடே பாடுகிறது, எழுதியவர் பெயர் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. அது ஒருவகையில் பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பெரிதாகச் சொன்ன ஹோமர்? மூலம் செய்யுள். உரைநடையில் போட்டால் அது கோனார் நோட்ஸ் மாதிரிதானே?

எழுத்தாணி:

சுவரொட்டி சார், அவசரப்படாதீர்கள். அதற்கு நான் வருகிறேன், வேலை முடிந்ததும் எழுதுகிறேன்.

கலகக்குரல்:

எல்லோரும் தாலாட்டு பாடி முடித்தீர்களா? பெரெயாத் என்று பெயர் பெற்ற மாணவர் கலகம் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே. 'அமைதியான ஆசிரியர்' கதை 1846 வரைக்கும் சரி. அந்த வருஷம் பள்ளி பெஸ்ஸஸ்தாதிரிலிருந்து ரெய்க்யவிக்குக்கு இடம் மாறுகிறது. நார்வேயிலிருந்து மரம் இறக்கிக் கட்டிய கட்டடம், அப்போது நாட்டிலேயே பெரியது, இன்றும் பள்ளியாகவே இருக்கிறது. நம் ஸ்வேன்பியோர்ன் தலைமையாசிரியர். மாணவர்கள் அதற்குள்ளேயே தங்கிப் படிக்கிறார்கள்.

பள்ளியில் மதுவிலக்குச் சங்கம் ஒன்று இருந்தது. பேருக்குத்தான் விருப்பச் சங்கம், போகப்போகக் கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. பையன்கள் விலகுகிறோம் என்றார்கள். தலைமையாசிரியர் விடமாட்டேன் என்று நின்றார். 1850 ஜனவரி 17 அன்று பையன்கள் திரண்டு, ஊருக்குள் ஊர்வலமாகப் போய் லத்தீனில் கத்தினார்கள்: 'ரெக்டர் ஸ்வேன்பியோர்ன் எகில்சன் பெரெயாத்!' ஒழிக என்று அர்த்தம். ரெய்க்யவிக்கின் மொத்த மக்கள்தொகையே அன்றைக்குச் சுமார் 1,150. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

இதை விடலைப் பையன்களின் சேட்டை என்று ஒதுக்குகிறவர்கள் காலத்தைப் பார்க்க வேண்டும். 1848இல் ஐரோப்பா முழுக்கத் தீ. டென்மார்க்கில் மன்னரின் முழு அதிகாரம் முடிவுக்கு வந்து 1849இல் அரசியல் சட்டம் வருகிறது. அதே 1849 மே மாதம் வட ஐஸ்லாந்து விவசாயிகள் குதிரையேறி மோத்ருவெத்லிருக்குப் போய் அங்கிருந்த மாகாண அதிகாரியின் வீட்டு வாசலில் அவருக்கு எதிராகக் கோஷம் போட்டுவிட்டு, சுதந்திரம் வாழ்க என்று சொல்லித் திரும்பினார்கள். பெரெயாத் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரெய்க்யவிக் பெரிய கோவிலில் ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுந்து நின்று எங்களுக்கு இந்தப் போதகர் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 1851இல் அதே பள்ளிக் கட்டடத்தில்தான் தேசியப் பேரவை கூடியது, அதை டேனிஷ் ஆளுநர் பாதியில் கலைத்தபோது 'நாங்கள் எல்லோரும் எதிர்க்கிறோம்' என்ற குரல் எழுந்தது. இவ்வளவுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். பையன்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். குடிப்பது குடிக்காதது அவரவர் இஷ்டம், சங்கத்தில் சேர் என்று கட்டாயப்படுத்த ஒரு தலைமையாசிரியருக்கு என்ன உரிமை?

நாடோடி:

இதில் எனக்குச் சிரிப்பு எங்கே வந்தது என்றால், அந்த மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் ஹோமர் நடத்தியவர். ஹோமரில் பக்கத்துக்குப் பக்கம் திராட்சை மது. கடலே மது நிறம். ஒருத்தன் வீட்டுக்குள் வந்தால் முதலில் கிண்ணத்தில் ஊற்றிக்கொடுத்துவிட்டுத்தான் பெயரே கேட்கிறார்கள். ஒற்றைக்கண்ணனை மது கொடுத்துத்தான் சாய்க்கிறார்கள். அதையெல்லாம் சுவையாகப் படித்துச் சொல்லிவிட்டு, சரி, இப்போது மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போடு என்றால் எந்தப் பையன் கேட்பான்?

கரும்பலகை:

கலகக்குரல் எழுதியதில் காலப் பின்னணி எல்லாம் சரி. ஆனால் நான் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வாத்தியார் வேலை பார்த்தவள், கடைசியில் நான்கைந்து வருஷம் தலைமையாசிரியை. அந்த நாற்காலியிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாடம் நடத்துவதும் பள்ளியை நடத்துவதும் ஒரே தொழில் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள், நல்லா பாடம் எடுக்கிறவரைத் தேடிப் பிடித்து அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு சாவிக்கொத்தைக் கொடுக்கிறார்கள், அதற்குப் பெயர் பதவி உயர்வு. ஸ்வேன்பியோர்ன் 1846இல் பதவி ஏற்றபோது வயது 55. அதுவரை அவர் பழகியது ஊரை விட்டு ஒதுங்கிய ஒரு இடம், சின்னப் பள்ளி, எய்விண்டர்ஸ்டாதிர் என்ற பண்ணை வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய் வருவது, பாடம், எழுத்து. திடீரென்று நகரம், பெரிய கட்டடம், விடுதி, புது விதிகள், கோபன்ஹேகனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிர்வாகம். ரெய்க்யவிக்கை நகரம் என்று சொன்னால் இன்றைக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் அங்கே சாராயம் விற்கும் வியாபாரிகள் இருந்தார்கள், மாலுமிகள் இருந்தார்கள், ஆல்ஃப்தாநெஸில் அது இல்லை. பையன் குடித்துவிட்டு விடுதிக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் இவர். கோஷம் போட்டவர்கள் இல்லை.

நான் இருந்த பள்ளியிலும் ஒருமுறை பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்தார்கள், காரணம் நான் போட்ட விதிகூட இல்லை, மேலிருந்து வந்த சுற்றறிக்கை. என் பெயரைச் சொல்லித்தான் கத்தினார்கள். அதில் முன்வரிசையில் நின்றவள் நான் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பெண். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் பிள்ளைகள் தப்பு என்று சொல்ல வரவில்லை. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்வேன்பியோர்னின் பையன்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், சங்கத்தில் இரு என்று ஒருத்தனைக் கட்டி வைக்க முடியாதுதான். ஆனால் ஒரு கோரிக்கை நியாயமாக இருப்பதும், ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி ஒழிக என்று தெருத்தெருவாகக் கத்துவதும் ஒன்றில்லை. அதுவும் அவர் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் படித்த லத்தீனிலேயே.

கலகக்குரல்:

அம்மா, கடைசி வரி வலிக்கிற மாதிரிதான் சொன்னீர்கள். ஆனாலும் அதிகாரியை எதிர்க்கும்போது நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்று பிரித்து எதிர்க்க முடியாது. மோத்ருவெத்லிர் அதிகாரி கிரிமுர் யோன்சனும் வீட்டில் நல்ல அப்பாவாக இருந்திருப்பார். அந்தச் சம்பவம் நடந்த கொஞ்ச நாளிலேயே அவர் இறந்தும் போனார். அதற்காக விவசாயிகள் போயிருக்கக் கூடாது என்று யாரும் இன்று சொல்வதில்லை.

பழைய ஏடு:

இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். குதிரையேறிப் போன விவசாயிகளுக்கு நில வாடகை, குத்தகை விதிகள் என்று வயிற்றுப் பிரச்சினை இருந்தது. இங்கே பிரச்சினை மது அருந்தும் உரிமை.

இன்னொன்று. மதுவிலக்கு என்றதும் நமக்கு ஏதோ பழமைவாதக் கிழவர் கட்டுப்பாடு போட்ட மாதிரித் தோன்றுகிறது. அன்றைக்கு அது முற்போக்குக்காரர்களின் அக்கறை. ஃபியோல்னிர் கூட்டமே 1843இல் கோபன்ஹேகனில் மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது, பத்திரிகையிலும் அதற்கு இடம் கொடுத்தது. நாட்டுக்குள் இறக்குமதியாகும் சாராயம் மக்களின் காசையும் உடம்பையும் தின்கிறது என்பது தேசியவாதிகளின் பேச்சு. அதனால் ஸ்வேன்பியோர்ன் தன் பழைய மாணவர்களின் வழியில்தான் நடந்தார் என்றும் சொல்லலாம். புது மாணவர்களுக்கு அது கசந்தது.

அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கப்பலேறி கோபன்ஹேகனுக்குப் போய் அமைச்சகத்தில் தன் தரப்பை வைத்தார். அமைச்சகம் அவர் பக்கம்தான் நின்றது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டப்படி ஜெயித்துவிட்டார், ஆனால் 1851இல் தானே விலகிக்கொண்டார். 1852 ஆகஸ்ட் 17இல் இறந்தார், வயது 61. இந்த வேகத்தைப் பார்த்து, பெரெயாத்தான் அவரைக் கொன்றது என்று உருக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த மாதிரி எழுத்து பிடிக்காது. மனம் உடைந்திருக்கும், அதில் சந்தேகம் இல்லை. அதற்கு மேல் நாடகம் வேண்டாம்.

என் வருத்தம் வேறு. ஐஸ்லாந்து வரலாற்றுச் சுருக்கங்களில் இவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதில் பாதி பெரெயாத்துக்குப் போய்விடுகிறது. 27 வருஷ வகுப்பறைக்கு ஒரு வரி, ஒரு நாள் கூச்சலுக்கு ஐந்து வரி.

எழுத்தாணி:

சரி, வேலை முடிந்தது. சுவரொட்டி சார் கேட்ட ஹோமர் கேள்விக்கு வருகிறேன்.

ஐஸ்லாந்து மொழியில் அந்தக் காலத்தில் உயிரோடு இருந்த செய்யுள் எது? ரீமுர். நீளமான கதைப்பாட்டு, எதுகையும் மோனையும் இறுக்கமாகக் கட்டியது, குளிர்கால இரவுகளில் கூடத்தில் எல்லோரும் கம்பளி நூற்றுக்கொண்டிருக்கும்போது ஒருவர் இழுத்துப் பாடுவது. அதில் ஹோமரைப் போட்டால் ஹோமர் காணாமல் போய்விடுவார், ரீமுர்தான் மிஞ்சும். செய்யுளுக்காகத் திணித்த நிரப்புச் சொற்கள் அதில் அவ்வளவு. யோனாஸ் 1837இல் ஃபியோல்னிரில் ரீமுரைக் கிழித்துத் தொங்கவிட்டது இதற்காகத்தான். ஆனால் அதே மொழியில் கதை சொல்வதற்கென்றே 13ஆம் நூற்றாண்டில் பழுத்த ஓர் உரைநடை இருந்தது. சின்ன வாக்கியம், உணர்ச்சியை விளக்காமல் செயலைச் சொல்லி நகரும் நடை, ஒருவர் வாயிலிருந்து வரும் ஒற்றைப் பேச்சில் ஆளை நிறுத்திவிடுவது. ஸ்வேன்பியோர்ன் ஹோமருக்கு அந்தச் சட்டையைப் போட்டார். கூடவே ஹோமரின் நிலையான அடைமொழிகளை விடாமல் கூட்டுச்சொற்களாகக் கட்டிப் பத்தியின் ஓட்டத்துக்குள்ளேயே வைத்தார், மோனையும் அங்கங்கே தானாக வந்து விழும். படித்தால் சாகாவும் இல்லை, கிரேக்கமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று. இலியத்தும் இதே நடையில்தான், அச்சில் வந்தது 1855இல், அவர் போன பிறகு.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கே உரைநடையில் திருப்தி இல்லை போலிருக்கிறது. பிற்பாடு ஒடிஸியை, பழைய தெய்வக் கதைகளையும் வீரக் கதைகளையும் சொல்லும் எட்டா பாடல்களின் யாப்பில் செய்யுளாகவும் பெயர்த்தார், அது 1854இல் வந்தது. அதை இன்று ஆராய்ச்சியாளர்கள் தவிர யாரும் தொடுவதில்லை. மாணவர்களுக்குப் புரிவதற்காகச் சொன்ன உரைநடைதான் 20ஆம் நூற்றாண்டிலும் மறுபதிப்பு ஆனது. செய்யுளாக்கினால்தான் கவிதை என்று அவரே நம்பினார், வாசகர்கள் வேறு மாதிரி முடிவு செய்தார்கள். சுவரொட்டி சாருக்கு அவரே சாட்சி, நமக்கு அவர் வாசகர்கள் சாட்சி.

இன்னும் ஒன்று விட்டுப்போனது, அகராதி. பழைய ஸ்கால்டுக் கவிதைகள், அதாவது அரசவைக் கவிஞர்கள் பாடியவை, தெரியும்தானே, நேராக ஒன்றையும் சொல்லமாட்டார்கள். கப்பல் என்றால் கடலின் குதிரை. போர் என்றால் வாள்களின் மழை. ரத்தம் காக்கையின் மது. பொன் என்றால் கடலரசன் ஏகிரின் நெருப்பு, ஏனென்றால் அவன் விருந்தில் விளக்குக்குப் பதிலாகப் பொன்னே ஒளி தந்தது என்று புராணம். இதிலும் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு அடுக்கு, போதாததற்குச் சொற்களை இடம் மாற்றிக் கலைத்துப் போட்டிருப்பார்கள். இந்தக் காட்டுக்குள் முதலில் முழுசாகப் பாதை வெட்டியவர் ஸ்வேன்பியோர்ன். 'லெக்சிகோன் போயெத்திக்கும்', சொல்லுக்குச் சொல் லத்தீன் விளக்கம், எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்ற குறிப்போடு. இதுவும் அவர் இறந்த பிறகுதான் அச்சில் முடிந்தது, 1854 முதல் 1860 வரை. பிற்பாடு ஃபின்னுர் யோன்சன் அதை டேனிஷ் மொழியில் திருத்தி எழுதினார், 1913 முதல் 1916 வரை வந்தது. ஸ்கால்டுக் கவிதை படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். 1848இல், 13ஆம் நூற்றாண்டு அறிஞர் ஸ்னோரி புராணத்தையும் கவிதைக் கலையையும் விளக்கி எழுதிய எட்டா நூலை ரெய்க்யவிக்கில் பதிப்பித்ததும் இவரே, அதாவது பள்ளி நிர்வாகத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்.

கரும்பலகை:

எனக்கு அந்த 1848தான் முழுக் கதையையும் சொல்கிறது. பகலில் விடுதிப் பஞ்சாயத்து, ராத்திரியில் எட்டா பிழைதிருத்தம். நான் தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் ஒரு சிறுகதைகூட முழுசாகப் படித்து முடித்ததில்லை.

சுவரொட்டி:

எழுத்தாணி, சாட்சி பற்றிச் சொன்னது நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் என் கேள்வியில் பாதி பாக்கி இருக்கிறது. யோனாஸின் எழுத்தில் ஸ்வேன்பியோர்னின் பாதிப்பு இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எங்கே என்று யாரும் காட்டவில்லை. யோனாஸ் ஜெர்மன் ரொமான்டிக்குகளைப் படித்தவன், ஹைனேயை மொழிபெயர்த்தவன், இத்தாலிய யாப்புகளைக் கொண்டுவந்தவன். பெஸ்ஸஸ்தாதிரில் அவன் இருந்தது 1823 முதல் 1829 வரை, ஒடிஸி அச்சில் வரத் தொடங்குவதே 1829.

பழைய ஏடு:

அச்சில் வருவதற்கு முன்னால் வகுப்பில் வந்ததே, அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். யோனாஸ் ஒடிஸியைப் புத்தகமாகப் படிக்கவில்லை, காதால் கேட்டான். 15 வயதில் உள்ளே வந்தவன் 21 வயதில் வெளியே போகிறான், வாக்கியம் எப்படி மூச்சுவிட வேண்டும் என்பது காதில் பதிகிற வயது அது.

எங்கே காட்டு என்கிறீர்கள். 'குன்னர்ஸ்ஹோல்மி' எடுத்துக்கொள்ளுங்கள், 1838 ஃபியோல்னிரில் வந்தது. யாப்பு இத்தாலியுடையது, மும்மூன்று அடியாகப் பின்னிப் போகும் தெர்சா ரீமா, சரிதான். கதை ஞாலின் சாகாவில் வரும் குன்னர், நாடு கடத்தப்பட்டவன், கப்பலேறப் போகும் வழியில் திரும்பித் தன் மலைச்சரிவைப் பார்க்கிறான், போகமாட்டேன் என்கிறான், அதனாலேயே சாகிறான். இந்த இடத்தில் ரொமான்டிக் கவிஞன் ஒருவன் அழுதிருக்க வேண்டும். யோனாஸ் அழவில்லை. மலை, பனி, ஆறு, வயல், ஆட்டு மந்தை என்று வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான், காவிய அமைதியோடு. வெளிநாட்டு யாப்புக்குள் சொந்த மண்ணின் தூய மொழியைக் கொஞ்சமும் நெருடாமல் உட்கார வைக்கிறானே, அந்தத் துணிச்சலை ஹைனேயிடம் கற்றிருக்க முடியாது, ஹைனே எழுதியது சொந்த மொழியில். கிரேக்கத்தை ஐஸ்லாந்து மொழியில் உட்கார வைத்த ஒருவரிடம் கற்றிருக்கலாம். இது என் வாசிப்பு. ஆவணம் கேட்டால் என்னிடம் இல்லை.

சுவரொட்டி:

வாசிப்பு என்று சொன்னதால் சண்டை போடவில்லை. குன்னர்ஸ்ஹோல்மியை மறுபடி படித்துவிட்டு வருகிறேன்.

நாடோடி:

ஒரு சந்தேகம். பெனடிக்ட் கிரோண்டால் என்று ஒரு கவிஞர், பறவைகளையெல்லாம் அழகாக வரைந்தவர், அவருக்கும் இவருக்கும் ஏதோ உறவு என்று எங்கோ பார்த்தேன்.

பழைய ஏடு:

மகன். 1826இல் பெஸ்ஸஸ்தாதிரிலேயே பிறந்தவர், எய்விண்டர்ஸ்டாதிரில் வளர்ந்தவர். குடும்பப் பெயர் அம்மா வழியில் வந்தது. ஸ்வேன்பியோர்னின் மனைவி ஹெல்கா, அவருடைய அப்பா இன்னொரு பெனடிக்ட் கிரோண்டால், அவரும் கவிஞர். மகன் அப்பாவுக்கு நேர்மாறு: வாய்த்துடுக்கு, கோபம், நகைச்சுவை, கவிதை, ஓவியம், இயற்கை ஆராய்ச்சி, எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் எழுதிய தன்வரலாறு 'தைக்ராத்வோல்' 1923இல்தான் வெளிவந்தது, அவர் இறந்து 16 வருஷம் கழித்து. அந்த ஆல்ஃப்தாநெஸ் வாழ்க்கை, பள்ளி, அப்பா, ஆசிரியர்கள் எல்லாம் அதில் வருகிறது, யாரையும் விட்டுவைக்காத நாக்கு. அதற்குத் தனி இழை வேண்டும், இதில் கலந்தால் கலகக்குரல் மகன் பக்கம் போய்விடுவார்.

கலகக்குரல்:

இப்போதே போய்விட்டேன். இழையைத் தொடங்குங்கள்.